புதுப்பிப்பு: அச்சில் அழுத்திய லென்ஸின் நடுவில் பள்ளம் விழுவது ஏன்?

டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினப் பொருளாலான அச்சில், சூடாக்கி இளக்கிய கண்ணாடியை அழுத்தும்போது குவிலென்ஸின் நடுவில் பள்ளம் விழுந்தால் அழுத்தம் போதவில்லை என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. பெரும்பாலும், அச்சைச் சுற்றி நிரப்பும் நைட்ரஜன் வாயு உள்ளே சிக்கியதுதான் காரணம். மூலக் கண்ணாடியின் (அழுத்துவதற்கு முன் உள்ள கண்ணாடித் துண்டின்) வளைவு ஆரம் அச்சினுடையதைவிடப் பெரிதாக இருந்தால் விளிம்பு முதலில் தொடும், நடுவில் வாயு அடைபடும். ஆரம் சிறிதாக இருந்தால் நடு முதலில் தொட்டு, வாயு ஓரமாக வெளியேறிவிடும். விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: வாயுப் பள்ளத்தின் ஓரம் வழவழப்பாகத் தெரியும்.

குளிர்விப்பில் இன்னொன்று. அச்சில் அழுத்தவென்றே செய்யப்படும் பி-எஸ்கே57 என்ற ஒளியியல் கண்ணாடியின் நிலைமாற்ற வெப்பநிலை (கண்ணாடி இளகத் தொடங்கும், குளிரும்போது இறுகும் வெப்பநிலை) 493 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே இறங்கும்வரை அழுத்தத்தை முழுதாக எடுக்காதீர்கள், வடிவம் மைக்ரான் கணக்கில் விலகும். வேகமாகக் குளிர்ந்தால் ஒளிவிலகல் எண்ணும் மூன்றாம் தசம இடத்தில் குறையும். லென்ஸ் வடிவமைப்புக் கணக்கில், அழுத்திய பின் உள்ள ஒளிவிலகல் எண்ணையே போடுங்கள்.