டவ்காட் 2.3-இலிருந்து 2.4: போர்ட்டில் பதிப்பெண்ணை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி

வணக்கம். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பின் (மென்பொருள்களைத் தொகுத்து நிறுவுவதற்கான செய்முறைக் கோப்புகள்; ஒவ்வொன்றும் ஒரு போர்ட்) தனிப்படி ஒன்றை எங்கள் அலுவலகப் பயன்பாட்டுக்காகப் பராமரித்து வருகிறோம். அதில் டவ்காட் என்ற அஞ்சல் வழங்கி மென்பொருள் இன்னும் 2.3 வரிசையிலேயே இருக்கிறது. போர்ட்டின் முதன்மைக் கோப்பான மேக்ஃபைலில் பதிப்பெண்ணை 2.4 ஆக்கி, மேக்சம் கட்டளையால் டிஸ்ட்இன்ஃபோவை (மூலக் கோப்பின் அளவும் சரிபார்ப்பு மதிப்பும் உள்ள கோப்பு) புதுப்பித்து, கோப்புப் பட்டியலையும் திருத்தியபின் நிறுவத்தக்க பொதி உருவாகிவிட்டது. ஆனால் சோதனைக் கணினியில் சேவையைத் தொடங்கினால், அமைப்புக் கோப்பின் முதல் வரியிலேயே பிழை என்று கூறி நின்றுவிடுகிறது. போர்ட்டில் எதையேனும் விட்டுவிட்டோமா, அல்லது சிக்கல் வேறிடத்தில் உள்ளதா?

மறுமொழி 1

உங்கள் போர்ட்டில் குறை இல்லை. 2.4-இன் அமைப்புக் கோப்பு 2.3-உடன் ஒத்துப்போகாது, அதன் முதல் அமைப்பாக டவ்காட்_கான்ஃபிக்_வெர்ஷன் இருந்தே தீர வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் அடுத்தடுத்த பிழைகள் வரிசையாக வெளிப்படும். மெயில்_லொக்கேஷன் என்ற ஒரே அமைப்பு இப்போது மெயில்_டிரைவர், மெயில்_பாத் எனப் பிரிந்துவிட்டது. சான்றிதழின் பாதைக்கு முன்னால் இட்டுவந்த '<' குறியை நீக்கி, எஸ்எஸ்எல்_சர்வர்_சர்ட்_ஃபைல் என்ற புதிய பெயரில் பாதையை மட்டும் எழுத வேண்டும். பொதியை உயர்த்தும்போது நீங்கள் திருத்திய கோப்பை, பொதிகளை நிறுவும் கருவியான பிகேஜி மாற்றி எழுதாது என்பதால், இந்த வேலை முழுவதும் நிர்வாகியின் தலையில்தான் விழும். பழைய கோப்பை ஒட்டுப்போடுவதைவிட, மாதிரிக் கோப்பிலிருந்து புதிதாக எழுதி, அமைப்புகளைக் காட்டும் டவ்கான்ஃப் -என் கட்டளையால் சரிபார்ப்பதே எளிது என்பது என் கருத்து.

இன்னொன்று: இரண்டு வழங்கிகளுக்கிடையே அஞ்சலைப் பிரதியெடுக்கும் ரெப்ளிகேஷன் வசதி 2.4-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பி இருப்பவர்கள் மாற்று ஏற்பாடு கிடைக்கும்வரை இந்த உயர்த்தலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மறுமொழி 2

அமைப்புக் கோப்பு சரியானதும் அடுத்து உங்களை நிறுத்தப்போவது பிஜன்ஹோல். சீவ் என்ற மொழியில் எழுதும் அஞ்சல் வடிகட்டிகளைத் தரும் அந்தச் செருகுநிரல் தனிப் போர்ட்டாக இருப்பதால், அதைத் தொடாமல் விட்டால், வேறொரு ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று இணையும் இடைமுகம்) பதிப்புக்கு உரியது என்று கூறி டவ்காட் அதை ஏற்ற மறுக்கும். 2.3-க்கு 0.5 வரிசையும், 2.4-க்கு அதே 2.4 எண்ணில் வெளிவரும் வரிசையும் பொருந்தும் என்பதால், இரண்டு போர்ட்டுகளையும் ஒரே மாற்றத்தில் உயர்த்துங்கள்.

பதிப்பெண் உயர்ந்த போர்ட்டில் போர்ட்ரிவிஷன் வரி (அதே பதிப்பின் பொதியில் செய்த திருத்தங்களை எண்ணும் வரி) இருந்தால் நீக்கிவிட வேண்டும். பதிப்பெண் மாறாமல், டவ்காட்டின் நூலகங்களைச் சார்ந்திருக்கும் வேறு போர்ட் ஏதேனும் உங்கள் படியில் இருந்தால், அதில் மட்டும் போர்ட்ரிவிஷனை ஒன்று கூட்டுங்கள். கூட்டாவிட்டால் ஏற்கெனவே நிறுவியவர்களுக்குப் புதிய பொதி போய்ச் சேராது. பதிப்பு வரிசையை மேலிருந்து தீர்மானிக்கும் போர்ட்எபோக் எண்ணை இதற்காகத் தொட வேண்டாம். பதிப்பெண் பின்னோக்கிச் செல்லும்போதுதான் அது தேவைப்படும், ஒருமுறை வைத்தால் பிறகு எடுக்கவும் முடியாது.

மேக்சம் பற்றியும் ஒரு சொல். அது இறங்கிய கோப்பின் அளவையும் ஷா256 என்ற சரிபார்ப்பு மதிப்பையும் குறித்துக்கொள்கிறதே தவிர, அந்தக் கோப்பு உண்மையானதா என்று பார்ப்பதில்லை. டவ்காட் வெளியீட்டுடன் வரும் கையொப்பக் கோப்பைக் கொண்டு முதலில் சரிபார்த்துவிட்டு, அதன்பின் மேக்சம் இயக்குவதே முறை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பிஜன்ஹோலையும் சேர்த்து உயர்த்தியதும் சேவை எழுந்துவிட்டது. உண்மையான வழங்கியில் நிறுவியபின் சிக்கல் வந்தால் 2.3-க்குத் திரும்ப முடியுமா?

மறுமொழி 2 எழுதியவர்

முடியும், ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். டவ்காட்_ஸ்டோரேஜ்_வெர்ஷன் என்ற அமைப்பு, கோப்புகளைப் படிக்க இயல வேண்டிய மிகப் பழைய பதிப்பு எது என்பதைக் குறிக்கிறது. தொடக்கத்தில் அதில் உங்கள் 2.3 பதிப்பையே எழுதி வையுங்கள், புதியது நிலைபெற்ற பிறகு உயர்த்துங்கள். பழைய பொதிகள் இரண்டையும் பிகேஜி கிரியேட் கட்டளையால் எடுத்து வைத்துக்கொண்டு, அஞ்சல் அடைவையும் காப்புப்படி எடுத்த பின்னரே உண்மையான வழங்கியில் கை வையுங்கள்.