ரோமா பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

ரோமா என்பவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன, 'ஜிப்ஸி' என்று அழைக்கப்பட்ட மக்கள். கிழக்கு ஸ்லோவாக்கியாவில் கோஷிட்சே நகரத்தின் லூனிக் 9 போன்ற ரோமா குடியிருப்புகளுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது வீட்டில் என்ன மொழி என்பதைத்தான். இந்தப் பக்கம் பல பிள்ளைகள் வீட்டில் பேசுவது ரோமா மக்களின் மொழியான ரோமானி. ஸ்லோவாக்கை ஒழுங்காகக் கேட்பதே பள்ளிக்கு வந்த பிறகுதான், ஆகவே ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதை ஸ்லோவாக்கில் விளக்கினால் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாரம். எல்லை தாண்டி ஹங்கேரிக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான ரோமா குடும்பங்களில் ஹங்கேரியன் மட்டும்தான். அங்குள்ள ரோமாவில் ஒரு பிரிவான பெயாஷ் மக்கள் பேசுவதோ ருமேனிய மொழியின் பழைய வடிவம் ஒன்று.

ரோமானி பேசும் பிள்ளைகள் என்றால் எண்களில் தொடங்குங்கள். யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச்... தேஷ். இந்தி எண்கள் காதில் விழுந்த நம்மவர்களுக்கு இது உடனே பிடிபடும். மூக்கு நக், காது கன், கண் யக், தண்ணீர் பானி. இந்தப் பத்து இருபது சொற்களைப் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்கள் எதிரில் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பாருங்கள். வாத்தியார் தங்கள் மொழியைக் கற்கிறார் என்று தெரிந்ததும் வாயே திறக்காத பிள்ளையும் திருத்த எழுந்து நிற்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்லோவாக்கில் ஆங்கில 'தி' போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது, ரோமானியில் உண்டு: 'ஓ கேர்' என்றால் 'தி ஹவுஸ்', 'ஏ தாய்' என்றால் 'தி மதர்'. ஸ்லோவாக் மட்டுமே தெரிந்த பிள்ளை இடறும் இடத்தில் இந்தப் பிள்ளைக்குக் கைப்பிடி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

வாசிப்பில் வரும் தவறுகளும் ஒழுங்கானவை. 'cat' என்பதை 'த்ஸாத்' என்றும், 'jam' என்பதை 'யாம்' என்றும் படிப்பார்கள். ஸ்லோவாக்கில் 'சி'க்கு த்ஸ ஒலி, 'ஜே'க்கு ய ஒலி, 'டபிள்யூ'வுக்கு வ ஒலி. அதாவது பிள்ளை பள்ளியில் கற்ற விதியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. முதல் நான்கு வாரம் எழுத்தே வேண்டாம். 'எழுந்திரு', 'மூக்கைத் தொடு', 'கதவைத் திற' என்று ஆங்கிலத்தில் சொல்லி உடம்பால் செய்ய வையுங்கள். பிறகு இந்த மூன்று எழுத்துகளை மட்டும் சிவப்பு அட்டையில் தனியாக எடுங்கள்.

*

மொழி பற்றி மேலே பார்த்தோம். வகுப்பு நடத்துவது பற்றிக் கொஞ்சம்.

இன்று 12 பேர் வந்தால் நாளை 5 பேர் வருவார்கள். பனிக்காலத்தில் பூட்ஸ் இல்லாததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும்தான் பல நாள் காரணம். அதனால் நேற்றைய பாடத்தின் தொடர்ச்சி என்று எதையும் வைக்காதீர்கள். 40 நிமிட வகுப்பு: பழைய சொற்கள் 10 நிமிடம், புதிய சொற்கள் ஐந்தே ஐந்து 15 நிமிடம், மிச்சம் விளையாட்டு. நோட்டுகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், வகுப்பிலேயே பெட்டியில் இருக்கட்டும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீட்டில் நோட்டு வைக்க இடம் ஏது? பென்சிலும் துருவியும் உங்கள் கையிலிருந்தே போகட்டும்.

'என் படுக்கையறை', 'விடுமுறைக்கு எங்கே போனாய்', 'அப்பாவுக்கு என்ன வேலை' என்று பாடப்புத்தகம் கேட்கும். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடுங்கள். அடுப்பு, நாய், ரொட்டி, பனி, பந்து, போன் போதும். படங்களை ஏ5 அளவுக் கெட்டி அட்டையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள், வெறும் தாள் ஒரு வாரம் தாங்காது.

கூடவே வரும் குட்டித் தம்பியைத் திருப்பி அனுப்பாதீர்கள், அக்காவும் அவனோடு போய்விடுவாள். ஓரத்தில் ஒரு பாய், நாலு கிரேயான் போதும். மிட்டாய் கொடுத்து ஆள் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மிட்டாய் இல்லாத நாளில் வகுப்பு காலியாகிவிடும்.

*

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மந்தம்', 'கவனக்குறைவு' என்று எந்தப் பிள்ளையைப் பற்றியும் பள்ளிக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். பக்கத்து நாடான செக் குடியரசில், ஒஸ்த்ராவா நகரத்தின் 18 ரோமா பிள்ளைகள் அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் தள்ளப்பட்டது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. அவர்களை அங்கே அனுப்பப் பயன்பட்டவை, அவர்களின் மொழியையும் வாழ்க்கையையும் கணக்கில் எடுக்காத தேர்வுகள். உங்கள் ஒரு வரிக் குறிப்பும் அந்த வேலையைச் செய்யக்கூடும். 'பத்து வரை தானாகச் சொல்கிறாள்', 'பத்துக் கட்டளைகளில் எட்டு புரிகிறது' என்று முடிந்ததை எழுதுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் தன்னார்வத் திட்டமான ஐரோப்பிய ஒற்றுமைப் படை (European Solidarity Corps) வழியாகப் போகிறவர்களுக்குத் தனிநபர்த் தன்னார்வப் பணி வழக்கமாக 2 முதல் 12 மாதம்தான். பிள்ளைகளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். கற்றுக்கொடுத்த சொற்கள், யார் யாரோடு உட்கார்ந்தால் படிப்பார்கள், பாதியில் நின்றது எது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கடைசி இரண்டு வகுப்புகளைப் புதிதாக வருபவரோடு சேர்ந்து எடுங்கள். முதல் வகுப்பில் அவர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும், இரண்டாவதில் நீங்கள் ஓரமாக உட்காருங்கள்.