தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட் (சின்னப் பணத் தகராறுக்கான கோர்ட்) சம்மன் வந்திருக்கு, போகாம விட்டா என்ன ஆகும்?

மீனா_டர்பன்:
வணக்கம். நான் வீட்டுல இருந்தே பர்த்டே, வளைகாப்புக்கு சமைச்சு குடுக்கிறேன், கம்பெனி எதுவும் கிடையாது. ஒரு அம்மா 80 பேருக்கு சாப்பாடு சொல்லி 7,000 ராண்ட் அட்வான்ஸ் போட்டாங்க, விசேஷத்துக்கு மூணு நாள் இருக்கும்போது "வேற இடத்துல சொல்லிட்டோம்"னு வாட்ஸ்அப்ல ஒரே வரி. அதுக்குள்ள மட்டன், அரிசி எல்லாம் வாங்கியாச்சு. முழுசா திருப்பிக் கேட்டாங்க, நான் முடியாதுன்னுட்டேன். நேத்து அவங்களே கேட்டாண்ட வந்து சம்மனை கையில குடுத்துட்டு போயிட்டாங்க. வீட்டுக்காரர் "சின்ன கோர்ட்தானே, கண்டுக்காத விடு"ங்கிறார். எனக்கு விசா ரினியூவல் வேற வருது, வயித்தக் கலக்குது. வக்கீல் வைக்கணுமா?

சாட்ஸ்வொர்த்_வாசி:
கண்டுக்காம மட்டும் விடாதீங்க அக்கா. சம்மன்ல போட்டிருக்கற தேதிக்கு நீங்க போகலைன்னா அந்தம்மா சொல்றத மட்டும் கேட்டுட்டு உங்களுக்கு எதிரா தீர்ப்பு குடுத்துடலாம், பணம் கட்டலைன்னா அது மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வழியா ஷெரிஃப் (கோர்ட் உத்தரவை நிறைவேத்தற அதிகாரி) வந்து ஜப்திக்கு சாமானை எழுதிட்டு போற வரைக்கும் போகும். நேர்ல கொண்டு வந்து குடுத்ததும் செல்லும், ஷெரிஃப்தான் வரணும்னு இல்ல. வக்கீல் பேச்சே வேண்டாம், அங்க ரெண்டு பக்கமும் வக்கீல் வந்து வாதாட முடியாது, ஜட்ஜ் மாதிரி கமிஷனர்னு ஒருத்தர் உக்காந்து அவரே கேள்வி கேப்பார். வெளியில வக்கீல் கிட்ட யோசனை கேட்டுக்கலாம், அவ்வளவுதான். விசா பயம் வேண்டாம், இது பணத் தகராறு, கிரிமினல் கேஸ் இல்ல.

குமார்_ஜோபர்க்:
ஒரு டவுட், சம்மனுக்கு முன்னாடி டிமாண்ட் லெட்டர், அதாவது பணத்தைத் திருப்பிக் குடுன்னு கேட்டு எழுதற லெட்டர், வந்துச்சா? அதை நேர்லயோ ரெஜிஸ்டர்டு போஸ்ட்லயோ குடுத்து 14 நாள் டைம் விடணும்னு சட்டத்துலயே இருக்கு. வாட்ஸ்அப்ல மட்டும் வந்திருந்தா கேஸ் நிக்காது, ஜாலியா இருங்க.

சாட்ஸ்வொர்த்_வாசி:
ஜாலியா இருங்கன்னு சொல்றது உங்களுக்கு ஈஸி ப்ரோ. அந்த பாயிண்டை கமிஷனர் முன்னாடி போய் நின்னு சொன்னாத்தானே எடுபடும்? அப்படியே எடுபட்டாலும் அந்தம்மா ஒழுங்கா ஒரு லெட்டர் குடுத்துட்டு மறுபடி வருவாங்க.

ரமா அக்கா_வெருலம்:
மீனா, உன் கேஸ்ல முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லல. 2008 கன்ஸ்யூமர் சட்டத்துல 17-ஆவது பிரிவு இருக்கு, முன்கூட்டி புக் பண்ணதை வாடிக்கையாளர் கேன்சல் பண்ணலாம், ஆனா நீ நியாயமான ஒரு தொகை பிடிச்சுக்கலாம், எவ்வளவு நாள் முன்னாடி சொன்னாங்க, அந்த தேதிக்கு உனக்கு வேற ஆர்டர் கிடைச்சிருக்குமாங்கிறதெல்லாம் பாப்பாங்க. யாருக்காக புக் பண்ணாங்களோ அவங்க இறந்துட்டாலோ ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டாலோதான் ஒண்ணும் பிடிக்கக் கூடாது. அதனால 7,000-மும் என்னுதுன்னு நிக்காத, எவ்வளவு நஷ்டம்னு கணக்கு காட்டு. வாங்கின மட்டனை ஃப்ரீசர்ல போட்டு அடுத்த ஆர்டருக்கு எடுத்திருந்தா அதை நஷ்டத்துல சேக்காத, கமிஷனர் கேக்கற முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். உன் பக்கத்தை எழுதி ஹியரிங்குக்கு முன்னாடியே கோர்ட் கிளார்க் கிட்ட குடுத்து அந்தம்மாவுக்கும் ஒரு காப்பி குடுத்துடு. நஷ்டம் அட்வான்ஸுக்கு மேல போச்சுன்னா நீயும் எதிர் க்ளெய்ம் போடலாம், 20,000 ராண்ட் வரைக்கும். இங்கிலீஷ்ல பேச தடுமாறுவேன்னா இன்டர்பிரட்டர் வேணும்னு கிளார்க் கிட்ட இப்பவே கேளு.

மீனா_டர்பன்:
ரொம்ப நன்றி அக்கா. லெட்டர் வாட்ஸ்அப்லதான் வந்துச்சு. மட்டன் பாதி அடுத்த வாரம் ஒரு ஆர்டருக்கு போயிடுச்சு, அதை கழிச்சுடறேன். காய் எல்லாம் சாட்ஸ்வொர்த்துல இருக்கற பங்களாதேஷ் மார்க்கெட்ல வாங்கினது, அங்க யார் ஸ்லிப் குடுக்கறா? அதுக்கு என்ன காட்டறது? அப்புறம் தோத்துட்டா அப்பீல் போலாமா?

ரமா அக்கா_வெருலம்:
அப்பீல் கிடையாது. கமிஷனர் ஒருதலைப்பட்சமா இருந்தார், பெரிய முறைகேடு நடந்துச்சு, அந்த கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லைங்கிற மாதிரி இருந்தாத்தான் ஹைகோர்ட்ல ரிவ்யூ (விசாரணை நடந்த முறை சரியான்னு பாக்கறது) கேக்கலாம், அதுக்கு ஆகற செலவு உன் 7,000-த்த விட ஜாஸ்தி. காய்க்கு, அன்னைக்கு ஏடிஎம்ல எடுத்த ஸ்டேட்மெண்ட் இருக்கும்ல, கூட யாராவது வந்திருந்தா சாட்சிக்கு கூட்டிட்டு போ. வாட்ஸ்அப்பை பிரிண்ட் எடுக்கும்போது தேதியும் நம்பரும் தெரியற மாதிரி எடு, மூணு செட், ஒண்ணு கமிஷனருக்கு, ஒண்ணு அந்தம்மாவுக்கு, ஒண்ணு உன் கையில. ஃபோனையும் ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்துட்டு போ.