வரப்புக்கு அந்தப் பக்கம் பி.டி. பருத்தி: நஷ்டம் யார் தலையில்?

மானாவாரிக் கொல்லை:
பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர். பி.டி. (காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றியது) அல்லாத பருத்தியை இயற்கை முறையில் போடுகிறேன். விதை என் சொந்த எடுப்பு. இந்த ஆண்டு கொள்முதல் செய்பவர் மாதிரி சோதித்துவிட்டு, மரபணு மாற்றுக் கலப்பு இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். பன்னிரண்டு குவிண்டாலும் சாதாரண விலைக்கே போனது. மூன்று பக்கமும் பி.டி. விதைத்தவர்கள். இழப்பை அவர்கள்தான் தர வேண்டும் என்கிறேன்.

எட்டு ஏக்கர்:
வருத்தம்தான் அண்ணே, நானும் பி.டி. விதைக்கிறவன்தான். ஆனால் பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர். தேனீ கொண்டுவருவது கொஞ்சம். வந்தாலும் பஞ்சு தாய்ச்செடியுடையது, கலப்பு விழுவது கொட்டையில்தான். அந்தக் கொட்டையை எடுத்துவைத்து மறு ஆண்டு விதைத்தது நீங்கள். பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் உங்களுக்கு முன் யாருடைய பருத்தி ஓடியது என்று கேட்டீர்களா?

மானாவாரிக் கொல்லை:
ஆலைக்கே போகவில்லை தம்பி. என் திண்ணையில் கிடந்த குவியலிலிருந்து கொட்டைகளை எடுத்து நசுக்கி, கரைசலில் கலக்கி, ஒரு காகிதப் பட்டையை நனைத்தார். ஒரு கோடு வந்தால் சுத்தம். இரண்டு கோடு வந்தது. சொந்த விதை எடுத்தது என் குற்றம் என்றால், இனி ஆண்டுதோறும் விதையையும் காசு கொடுத்து வாங்கு என்கிறீர்கள். அதுவும் செலவுதானே?

எட்டு ஏக்கர்:
என்னால் பக்கத்துக் கொல்லைக்கு வரும் லாபத்தையும் எழுதுங்கள். அமெரிக்க மக்காச்சோளம் பற்றி 2010ல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து மாநிலங்களில் 14 ஆண்டுகளில், பி.டி.யால் தண்டுத் துளைப்பான் புழு குறைந்ததில் கிடைத்தது சுமார் 690 கோடி டாலர். அதில் 430 கோடி, பி.டி. விதைக்காதவர்களுக்கு! விதைக்குக் கூடுதல் விலை கொடுத்தவன் ஒருவன், புழு குறைந்த சுகம் இன்னொருவனுக்கு. அதற்கு யாராவது பில் அனுப்பினார்களா?

மானாவாரிக் கொல்லை:
அங்கே புழு குறைந்தது. இங்கே? பருத்தியில் வைத்த முதல் பி.டி. மரபணுவை இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் வென்றுவிட்டதாக 2010ல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறகு இரண்டு மரபணு வைத்த விதையும் தோற்றது. புழு பி.டி.க்குப் பழகிவிடாமல் இருக்க, 450 கிராம் விதையோடு 120 கிராம் பி.டி. அல்லாத விதை தனிப் பொட்டலமாகத் தந்தார்கள், சுற்றிலும் குறைந்தது ஐந்து வரிசை விதைக்கச் சொல்லி. எத்தனை பேர் விதைத்தீர்கள்? எங்கள் ஊரில் அது களத்து மேட்டில் கிடந்தது.

கணக்குப்பிள்ளை:
வழக்கு என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் கோஜோனப் உதாரணம். 2010ல் அறுத்துப் போட்ட மரபணு மாற்றுக் கனோலா (எண்ணெய்வித்துப் பயிர்) காற்றில் பறந்து பக்கத்து இயற்கைப் பண்ணையில் விழுந்தது. அந்தப் பண்ணையின் நிலத்தில் சுமார் 70 சதவீதத்துக்கு இயற்கை விவசாயச் சான்றிதழ் போயிற்று. பண்ணைக்காரர் பக்கத்துக்காரர்மேல் வழக்குப் போட்டு 85,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார். 2014ல் தோற்றார், 2015 மேல்முறையீட்டிலும் தோற்றார். சட்டம் அனுமதித்த பயிரை வழக்கமான முறையில் அறுத்தவர்மேல் குற்றமில்லை என்றாகிவிட்டது. ஜெர்மனியில் நேர்மாறு: பொறுப்பு விதைப்பவர் தலையில், இயற்கை மக்காச்சோளத்துக்கு 300 மீட்டர் இடைவெளியும் விட வேண்டும்.

எட்டு ஏக்கர்:
300 மீட்டரா! சதுரமான ஓர் ஏக்கரின் பக்கமே 64 மீட்டர்தான். என் எட்டு ஏக்கரையும் தரிசு போட்டாலும் போதாது. அந்தச் சட்டம் பெரிய பண்ணைக்காரர்களுக்கு. அந்த ஐந்து வரிசையை நாங்கள் விதைக்கவில்லை என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இப்போது அந்த விதையைப் பொட்டலத்திலேயே கலந்து விற்கிறார்கள்; தனியாகப் போட என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் ஒரு மாதம் தள்ளி விதைத்தால் பூ ஒன்றாகப் பூக்காது.

மானாவாரிக் கொல்லை:
மானாவாரியில் தேதியை நானா வைக்கிறேன்? மழை வைக்கிறது.

எட்டு ஏக்கர்:
சரி, வரப்போரம் ஐந்து வரிசை மக்காச்சோளம் போடுவோம். தேனீயை முழுதாகத் தடுக்காது, கொஞ்சமாவது மறைக்கும். விதை என் செலவு.

மானாவாரிக் கொல்லை:
விதை உங்கள் செலவு, சரி தம்பி. அந்த ஐந்து வரிசை வரப்புக்கு எந்தப் பக்கம்?