ஸ்காட் வாக்கர் மூன்றாவது பதவிக்காலத்துக்கும் கரையேறுவாரா?

மெண்டோட்டாக்கரை | 19 செப்டம்பர் 2018

விஸ்கான்சின் கவர்னர் தேர்தல் பற்றி மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகம் எடுத்த புதுக் கருத்துக்கணிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஜனநாயகக் கட்சியின் டோனி எவர்ஸ் 49, இப்போதைய கவர்னர், குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கர் 44. விஸ்கான்சினில் எட்டு வருஷமாக அசைக்க முடியாதவர் என்று பேர் வாங்கியவர் நவம்பரில் வீட்டுக்குப் போவார் என்றே நினைக்கிறேன். (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே கவர்னர் பதவி நம்மூர் முதல்வர் பதவி போல. நான்கு வருஷத்துக்கு மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் நிற்கலாம்.)

என் வாதம் இதுதான். அவர் தோற்றால் அதற்கு, அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைப் பெரிதும் குறைத்த 2011 தொழிற்சங்கச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. ஜனாதிபதி ஆசைதான் பெரிய காரணம். 2015 தொடக்கத்திலேயே மனசு பக்கத்து அயோவாவுக்குப் போய்விட்டது, அங்கேதான் முதல் உட்கட்சித் தேர்வு நடக்கும் என்பதால். அந்த வருஷ பட்ஜெட்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு 25 கோடி டாலர் வெட்டு. அந்த 2011 சட்டத்தை எதிர்த்து வந்த ஒரு லட்சம் போராட்டக்காரர்களைச் சமாளித்த எனக்கு ஐ.எஸ். இயக்கத்தையும் சமாளிக்கத் தெரியும் என்கிற அர்த்தத்தில் பழமைவாதிகள் மாநாட்டில் பேசினார். அந்த ஒரு லட்சம் பேர் யார்? அவர் ஆளும் மாநிலத்தின் ஆசிரியர்களும் செவிலியர்களும். ஜூலை 13-ல் களமிறங்கி செப்டம்பர் 21-ல் விலகியபோது இங்கே அவருக்கு ஆதரவு 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

வாக்கிஷாவாசி | 19 செப்டம்பர்

மக்களுக்குப் பிடிக்காதவர் என்கிற மாதிரி எதை வைத்துச் சொல்கிறீர்கள் அண்ணா? 2010-ல் ஜெயித்தார். 2012-ல் பாதியில் திரும்ப அழைக்கும் தேர்தல் வைத்தார்கள், அதிலும் 53-க்கு 46 என்று ஜெயித்தார். அப்படி ஒரு தேர்தலில் தப்பிய முதல் அமெரிக்க கவர்னர் அவர்தான். 2014-ல் மேரி பர்க்கைத் தோற்கடித்தார். நான்கு வருஷத்தில் மூன்று வெற்றி. தலைநகர் மேடிசனில் உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் மாநிலத்துக்கே பிடிக்கவில்லை என்று ஆகிவிடாது.

எனக்கு இங்கே ஓட்டு இருக்கிறது, வாக்கருக்குத்தான் போடப்போகிறேன். வேலையில்லாதோர் 3 சதவீத அளவில் இருக்கிறார்கள். இந்த மாநிலப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் 2013 முதல் ஏறவில்லை. பிள்ளையைக் காலேஜில் சேர்த்திருக்கும் நம்மவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்குவாத்தியார் | 20 செப்டம்பர்

தம்பி, அந்தக் கட்டண உறைவை நானும் ஒத்துக்கொள்கிறேன், நல்ல காரியம். ஆனால் கட்டணத்தையும் நிறுத்தி மானியத்தையும் வெட்டினால் பேராசிரியர் எங்கே நிற்பார்?

2011 சட்டத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, அதனால் ஒரு கணக்குப் போடுகிறேன். வருஷம் 50,000 டாலர் வாங்கும் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கு அன்றைக்கு அவர் பங்கு 5.8 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 2,900 டாலர். முன்பெல்லாம் பல இடங்களில் நிர்வாகமே அதைக் கட்டியது. அதற்கு மேல் மருத்துவக் காப்பீட்டுக்கு வேறு பிடித்தம். இந்தப் பண விஷயத்துக்குச் சங்கங்கள் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டன! பேரம் பேசும் உரிமையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டன. வாக்கர் அதையும் எடுத்தார். போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும் மட்டும் விலக்கு. பணம்தான் பிரச்சினை என்றால் அவர்களுக்கு ஏன் விலக்கு?

மதிய நேரத்தில் மேடிசனில் சட்டமன்றம் இருக்கும் கேப்பிடல் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். குவிமாடத்துக்குக் கீழே வட்டமாக நின்று பாடுகிறவர்கள் 2011 மார்ச்சிலிருந்து பாடுகிறார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. 2013-ல் அனுமதிச் சீட்டு இல்லை என்று கைதுகூட செய்தார்கள். ஏழு வருஷம் ஆகியும் ஆறாத கோபம் அது.

வாக்கிஷாவாசி | 20 செப்டம்பர்

வாத்தியாரே, அவர் பதவிக்கு வந்தபோது இரண்டு வருஷ பட்ஜெட்டில் 360 கோடி டாலர் பற்றாக்குறை கணித்திருந்தார்கள். வரியை ஏற்றாமல் அதை அடைக்க வேறு வழி என்ன? தனியார் கம்பெனியில் வேலை செய்யும் நாங்கள் ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் எங்கள் பையிலிருந்துதான் கட்டுகிறோம். அதே நேரத்தில் அரசு ஊழியர் பங்குக்கும் நாங்களே வரி கட்ட வேண்டுமா என்கிற கேள்வி இங்கே புறநகர்களில் நிஜமான கேள்வி. 2012 தீர்ப்பு அதற்குத்தான்.

மெண்டோட்டாக்கரை | 20 செப்டம்பர்

2012 தீர்ப்பை அப்படி மட்டும் படிக்காதீர்கள். பதவியில் தவறாக நடந்தால் தவிர யாரையும் பாதியில் இறக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்தான் அன்று பெரும்பான்மை, வாக்குச்சாவடிக் கணிப்பே சொன்னது. பிடிக்காமல்கூட அவருக்குப் போட்டவர்கள் உண்டு.

ஆசை 2015-ல் திடீரென்று முளைத்ததும் இல்லை. 2011 பிப்ரவரியில் ஒரு பதிவர் கோடீஸ்வரர் டேவிட் கோக் மாதிரி நடித்து அவருக்குப் போன் போட்டார். சட்டத்தை அறிவிப்பதற்கு முன் அமைச்சரவை விருந்தில் முன்னாள் ஜனாதிபதி ரீகன் படத்தைக் காட்டிப் பேசியதை அந்தப் போனில் வாக்கரே சொல்கிறார். விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்களை ரீகன் வேலையை விட்டு அனுப்பினாரே, அதோடு தன் செயலை ஒப்பிடுகிறார். பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஆள்! பற்றாக்குறையை அடைக்க வந்தவர் பேச்சா அது?

பெரும்புதூரான் | 22 செப்டம்பர்

வாக்கர் கொண்டுவரும் ஃபாக்ஸ்கான் ஆலை விஷயத்தை யாரும் எடுக்கவில்லையே. ரசீன் மாவட்டத்தில் மவுண்ட் பிளசன்ட் ஊரில் ஆலை. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று பேச்சு. அரசு தரும் சலுகை ஏறத்தாழ 300 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 2.3 லட்சம் டாலர். போட்ட பணம் திரும்ப 2043 வாக்கில்தான் என்று சட்டமன்றத்தின் நிதிப் பிரிவே சொன்னது.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரன். நோக்கியாவை நம்பி அதே ஃபாக்ஸ்கான் அங்கே ஆலை நடத்தியது. 2014-ல் நோக்கியா மூடியதும் அதுவும் நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள், வேலை இல்லாமல் நின்றார்கள். ஒரே வாடிக்கையாளரையும் அரசுச் சலுகையையும் நம்பி வருகிற ஆலை எப்படிப் போகும் என்பதை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. வாக்கருக்கு இது தேர்தலுக்கான அடிக்கல். ஜூன் 28-ல் ட்ரம்பைக் கூட்டிவந்து மண் வெட்டினார்கள்.

மிச்சிகன்தண்ணி | 22 செப்டம்பர்

ரசீனில் இருக்கிறேன். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளால் நிமிர்ந்து நின்ற ஊர் இது. அவை போன பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வாக்கராவது ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்வேன்.

ஆனால் ஆலைக்காக மிச்சிகன் ஏரியிலிருந்து தினம் 70 லட்சம் கேலன் தண்ணீருக்கு அனுமதி கொடுத்ததும், நன்றாக இருக்கும் வீடுகள் உள்ள நிலத்தைப் பாழடைந்த பகுதி என்று அறிவித்ததும் மனசுக்கு ஒப்பவில்லை. யாருக்குப் போடுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

வாக்கிஷாவாசி | 11 அக்டோபர்

புதுக் கணிப்பு: வாக்கர் 47, எவர்ஸ் 46. மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பியவர்கள் கவனிக்கவும்.

கணக்குவாத்தியார் | 11 அக்டோபர்

ஒரு புள்ளி வித்தியாசம் என்றால் சமம் என்றுதான் அர்த்தம் தம்பி. இந்த முறை தீர்மானிக்கப் போவது மருத்துவக் காப்பீடு. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் காப்பீடு கொடுத்தாக வேண்டும் என்கிற சட்டத்தை எதிர்த்து நடக்கும் வழக்கில் விஸ்கான்சினைச் சேர்த்தது இவர் அரசு. இப்போது மேடையில், அந்தப் பாதுகாப்பைக் காப்பேன் என்கிறார். எவர்ஸ் புற்றுநோயிலிருந்து மீண்டவர். அவர் வாயால் இதைக் கேட்கும்போது ஜனங்களுக்கு உறைக்கிறது.

மெண்டோட்டாக்கரை | 7 நவம்பர்

முடிந்தது. எவர்ஸ் 49.5, வாக்கர் 48.4. வித்தியாசம் 29,227 ஓட்டு. நள்ளிரவு தாண்டியும் இருவரும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். பிறகு மில்வாக்கியின் தபால் ஓட்டும் முன்கூட்டியே போட்ட ஓட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரே கட்டாக வந்தது. அதோடு சரி. மேடிசன் இருக்கும் எங்கள் டேன் மாவட்டம் மட்டும் எவர்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் அதிகம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தை வெட்டிய கைக்கு அந்த ஊர் சொன்ன பதில்.

வாக்கிஷாவாசி | 7 நவம்பர்

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். அதே சீட்டில் அமெரிக்க செனட் தொகுதிக்கு ஜனநாயகக் கட்சியின் டாமி பால்ட்வின் எங்கள் கட்சியை 11 புள்ளியில் தோற்கடித்தார். வாக்கர் தோற்றது ஒரே ஒரு புள்ளியில். அப்படியென்றால் பால்ட்வினுக்குப் போட்ட எத்தனையோ பேர் வாக்கருக்கும் போட்டிருக்கிறார்கள். மக்கள் வெறுத்த மனிதருக்கு அப்படி விழாது. ட்ரம்ப் மீதான கோபம்தான் அவரைச் சாய்த்தது.

மறு எண்ணிக்கை கேட்பார் என்று நினைக்கிறேன்.

கணக்குவாத்தியார் | 7 நவம்பர்

கேட்க முடியாது. 2016 ஜனாதிபதித் தேர்தலின் மறு எண்ணிக்கைக்குப் பிறகு, ஒரு சதவீதத்துக்குள் தோற்றவர்தான் கேட்கலாம் என்று போன வருஷம் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் வாக்கர். வித்தியாசம் 1.1.

பால்ட்வின் கணக்கு நியாயமான கணக்கு, அதை மறுக்கவில்லை. ஆனால் மாநிலம் முழுக்கத் தெரிந்த, எட்டு வருஷம் ஆண்ட ஒருவர் அந்த ஒரு புள்ளியை ஏன் தேட முடியவில்லை என்பதற்கு ட்ரம்ப் மட்டும் பதில் ஆக மாட்டார்.

மிச்சிகன்தண்ணி | 15 டிசம்பர்

நான் கடைசியில் வாக்கருக்குத்தான் போட்டேன், ஆலைக்காக. நேற்று கிரீன் பேயில் அவர் போட்ட கையெழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தோற்ற பிறகு, புது கவர்னர் ஜனவரி 7-ல் வருவதற்கு முன், அவர் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டங்கள். சட்டமன்றம் சம்மதிக்காமல் எவர்ஸ் அந்த மருத்துவ வழக்கிலிருந்து மாநிலத்தை வெளியே எடுக்க முடியாது. முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களும் இரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டன.

வாக்கிஷாவாசி | 15 டிசம்பர்

சட்டமன்றத்தையும் மக்கள்தானே தேர்ந்தெடுத்தார்கள்? 99-ல் 63 இடம் குடியரசுக் கட்சிக்கு. வீட்டோ அதிகாரம் எவர்ஸிடம் அப்படியே இருக்கிறது, அது நாட்டிலேயே வலுவான ஒன்று.

மெண்டோட்டாக்கரை | 15 டிசம்பர்

மொத்த ஓட்டில் ஜனநாயகக் கட்சி அதிகம் வாங்கியும் அந்த 63 எப்படி வந்தது? 2011-ல் அவர்கள் கோடு போட்ட தொகுதி வரைபடத்தால். அதிலும் வாக்கர் கையெழுத்துத்தான். ஆள் போய்விட்டார், அவர் போட்டுவைத்தவை போகவில்லை.

இந்தச் சட்டங்கள் எல்லாம் கடைசியில் மாநில உச்ச நீதிமன்றத்தில் போய் நிற்கும். ஏப்ரல் 2-ல் அங்கே ஒரு இடத்துக்குத் தேர்தல். வாக்கரின் தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்த பிரையன் ஹேகடோர்ன் நிற்கிறார், எதிரே நீதிபதி லிசா நியூபாவர். ஓட்டு உள்ளவர்கள் குளிர் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வசந்தகாலத் தேர்தலுக்குப் பாதிக் கூட்டம்கூட வராது, அங்கே பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிப்போனாலே பெரிய விஷயம்.