புதுப்பிப்பு: கூண்டைப் பிரித்துக் கட்டியாகிவிட்டது

போன மாதம், கீரி ஒரே வாரத்தில் ஐந்து கோழிக்குஞ்சுகளைத் தூக்கிப்போனதைச் சொல்லி வழி கேட்டிருந்தேன். கூண்டை மாற்றி மூன்று வாரம் ஆகிறது. ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை.

தவறு வலையில்தான். அறுகோணக் கண் போட்ட கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். இப்போது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடித்திருக்கிறேன். அப்புறம், சுற்றிலும் ஒரு அடி ஆழம் தோண்டி வலையை இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக இன்னொரு அடி மடக்கி மண் மூடினேன். கீரி கூண்டின் ஓரத்தை ஒட்டித்தான் பறிக்கும்; பறித்தால் மடக்கிய வலை தட்டும். இரண்டு இடத்தில் நகக்கீறல் பார்த்தேன், அதற்கு மேல் அதனால் போக முடியவில்லை. மேல்பக்கமும் வலைதான், ராத்திரியில் மரநாய் முருங்கை வழியாக இறங்கும்.

பொறி வைக்கச் சொன்னவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். எனக்கும் மனம் வரவில்லை, அதுவும் வயிற்றுக்குத்தான் வருகிறது.

என் கோழி கருப்பி நேற்று 11 முட்டைகளோடு அடையில் உட்கார்ந்துவிட்டாள். 21 நாளில் குஞ்சு பொரிக்கும், அப்போது எழுதுகிறேன்.