கோயில் கொடை வரி கட்ட பீடி சுற்றும் அம்மாவிடம் என்ன சொல்வது?

ஆலங்குளத்துக்காரன்:
அம்மா முப்பது வருஷமாக பீடி சுற்றுகிறார். ஊறவைத்த இலையை வெட்ட உட்கார்ந்தால், 25 பீடிக்கு ஒரு கட்டு என்று 40 கட்டு போட்டு ஆயிரத்தை முடிக்கும்போது இருட்டிவிடும். அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே, பீடி சுற்றும் சுளகு (முறம்) மடியை விட்டு இறங்காது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரி 3,000, அப்புறம் பொங்கல் பானை, தங்கச்சி பிள்ளைகளுக்குத் துணி. வரியை நான் சென்னையிலிருந்து அனுப்புகிறேன் என்றால் கோபம் வருகிறது. இருமல் நின்றபாடில்லை, கேட்டால் "நமக்கு என்னல குறை" என்கிறார். இது நிஜமான திருப்தியா, இல்லை பழகிப்போனதா?

வில்லடி:
தம்பி, எங்கள் ஊரில் புருஷன் இல்லாத வீட்டுக்கு அரை வரிதான். ஆனால் என் அத்தை, களையெடுக்கப் போகிறவர், ஒரு வருஷம்கூட அரை வரி கட்டியதில்லை. வரி நோட்டில் முழு வரி என்று எழுதுகிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். வருஷம் முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்து நிற்கிறவருக்கு அன்றைக்கு மட்டும் கோயிலில் சரி பங்கு, யாரும் அவரை ஒதுங்கு என்று சொல்ல முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதை வரும்போது, எத்தனையோ தடவை கேட்ட கதைதான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்து வருகிற முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பழக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் பணம் அனுப்பினால் அவர் வரி உங்கள் வரியாகிவிடும், அதுதான் கோபம்.

கடையம் மகள்:
வில்லடி அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மாவும் பீடிதான். பீடிக் கடையில் கொடுக்கிற இலை ஆயிரம் பீடிக்குக் காணாது, கைக்காசு போட்டு வாங்கணும், அப்புறமும் கழிவு என்று ஒரு கை பீடியை ஒதுக்கிவிடுவார்கள். கேட்க யாரும் போக மாட்டார்கள், குறை சொல்லாத ஆட்கள் என்று பெயர் வாங்கிவிட்டோமே. கோயிலில் கிடைக்கிற நிறைவைக் கூலிக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்தான் என்று 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். முதலில் பி.எஃப். யார் பெயரில் ஏறுகிறது என்று பாருங்கள், நிறைய பேர் அடுத்தவர் பேரில் உள்ள தொழிலாளர் கார்டில்தான் சுற்றுகிறார்கள். இருமலுக்கு முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். கொடையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவார், விடாதீர்கள்.

ஆலங்குளத்துக்காரன்:
அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததால் என் பேரில் வரி கிடையாது. எங்கள் ஊரிலும் இப்படி வீட்டுக்கு அரை வரிதான். 3,000 என்பது முழு வரி என்று இதை வாசித்த பிறகுதான் உறைத்தது. இப்போது போன் பண்ணிக் கேட்டேன், கார்டு சித்தி பேரில் இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை கொடை. வரியைப் பற்றிப் பேசப்போவதில்லை. வெள்ளிக்கிழமையே போய், சனிக்கிழமை காலையில் முக்கூடலுக்குக் கூட்டிப்போகிறேன்.